வண்டி மெத்தை தைத்த முன்னோர்

(தாம்பரத்தில் நிகழ்ந்த சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



நம் சங்கத்தார் வம்சாவளிப் பதிவேடு ஒன்றைத் தொகுத்து அச்சிடக் கருதியிருப்பதும், அதன்பொருட்டு ஒவ்வொரு குடும்பத்தாரும் தத்தம் முன்னோர் வரலாற்றைத் திரட்டித் தருதல் வேண்டும் என்று கேட்டிருப்பதும் நீவிர் அறிந்தனவே. அவ்வாறு திரட்டப் புகுந்த யான், என் பாட்டனாரின் தந்தையாராகிய பூட்டனார் செய்த தொழிலைப் பற்றித் தேடிக் கண்டவற்றை இன்று நும்முன் வைக்கின்றேன். அஃது, வண்டிகளுக்கு மெத்தை தைக்கும் தொழில். இக்காலத்து நகரத்தார் அதனைக் குஷன் வேலை என்பர். இத்துணைச் சிறு தொழிலுக்கு ஒரு சொற்பொழிவும் வேண்டுமோ என்று சிலர் எண்ணுதல் கூடும். அவர்கள் சற்றே பொறுத்துக் கேட்க வேண்டுகின்றேன்.

முதற்கண் அத்தொழிலின் இயல்பைக் கூறுவேன். பழைய குதிரைவண்டியின் இருக்கை, வெறும் பஞ்சடைத்த பை அன்று. மரச்சட்டத்தின் குறுக்கும் நெடுக்குமாகச் சணற்பட்டையை இழுத்து ஆணி அறைவர். அதன்மேல் ஸ்பிரிங் எனப்படும் சுருள்வில்களை நிரையாக நிறுத்தி, ஒன்றோடொன்று சாயாதபடி முறுக்குக் கயிற்றால் எப்புறமும் பிணிப்பர். அதன்மேற் சாக்குத்துணி, அதன்மேல் அடைபொருள், அதன்மேல் மெல்லிய பஞ்சு, எல்லாவற்றிற்கும் மேலே தோல். அடைபொருள்களுட் சிறந்தது குதிரைமயிர். அதனைக் கயிறாகத் திரித்து, வெந்நீரில் இட்டு, உலர்த்திப் பின்னர்ப் பிரித்தால், ஒவ்வொரு மயிரும் சுருண்டு நின்று, அமுக்கினால் அமிழ்ந்து விட்டால் எழும். விலை குறைந்த வண்டிக்குத் தேங்காய்நார் அடைத்தனர். இலவம்பஞ்சு வீட்டு மெத்தைக்கு ஏற்றதே ஆயினும், வண்டியின் குலுக்கலில் அது ஓரிடத்தே திரண்டு கட்டியாகிவிடும்.

பழைய வண்டிகளின் மெத்தையிற் பொத்தான்களை ஆழ இழுத்துத் தைத்திருத்தலைக் கண்டிருப்பீர். அஃது அழகுக்காக மட்டும் செய்யப்பட்டதன்று. பொத்தான் தோறும் நூல் உட்சென்று அடியிற் கட்டப்படுதலால், அடைபொருள் தத்தம் அறைக்குள்ளேயே நிற்கும். வண்டி எத்துணை ஆடினும் இடம்பெயராது. தோலை வெட்டுதலும் எளிய செயல் அன்று. ஒரு தோலில் முதுகுப்பகுதி உறுதியானது. வயிற்றுப்பகுதி நெகிழ்ந்து இழுபடுவது. உட்காரும் இடத்திற்கு முதுகும், கண்ணிற் படாத ஓரத்திற்கு வயிறும் வருமாறு கத்தி வைக்க அறிந்தவனே தொழிலறிந்தவன். ஒருமுறை பிழைபட வெட்டிய தோலை மீண்டும் ஒட்டவைக்க இயலாது. ஆதலின் அளவெடுக்கும் கணக்கும், பொருளின் தன்மையறியும் அறிவும், வளைந்த ஊசியைக் கண்காணா இடத்தில் செலுத்தும் கைப்பழக்கமும் ஆகிய மூன்றும் இதற்கு வேண்டும். சிற்றாணிகளை வாயில் அடக்கிக்கொண்டு, நாவினால் ஒவ்வொன்றாகத் தள்ளி, ஒருகையால் தோலை இழுத்துப் பிடித்து, மறுகையால் அறைந்து செல்லுதல் இத்தொழிலாளரின் வழக்கம்.

இனி, இத்தொழில் சென்னையில் எங்ஙனம் நிலைபெற்றது என்பதனைப் பார்ப்போம். 1840-இல் தோன்றிய சிம்சன் கம்பெனியார் குதிரைச் சேணமும் வண்டியும் செய்வதிற் பெயர்பெற்றவர். 1903-இல் அக்கம்பெனியைச் சார்ந்த சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியால் இயங்கும் கார் ஒன்றைச் சென்னையிலேயே செய்து ஓட்டினார். குதிரை செய்த வேலையைப் பொறி செய்யத் தொடங்கிற்று. ஈண்டு ஒன்று கவனிக்கத்தக்கது. குதிரை நீங்கியவுடன் இலாடம் அடிப்பவர்க்கும், சேணம் தைப்பவர்க்கும், குதிரைக்காரர்க்கும் பிழைப்புக் குன்றியது. மெத்தை தைப்பவர்க்கோ வேலை குன்றவில்லை. என்னை? இழுப்பது குதிரையாயினும் பொறியாயினும், வண்டியுள் உட்காருபவன் மனிதனே அல்லனோ? சாரட்டுக்குத் தைத்த கையே மோட்டாருக்கும் தைத்தது. என் பூட்டனார் இளமையில் மவுண்ட் ரோட்டுப் பக்கத்து வண்டிப் பட்டறை ஒன்றில் குதிரைவண்டிக்குத் தைக்கக் கற்று, முதுமையில் மோட்டார் வண்டிக்குத் தைத்து முடித்தவர்.

நாம் வாழும் இத்தென்புறத்து ஊர்களும் இத்தொழிலோடு தொடர்புடையன. பல்லாவரத்தில் தோல் பதனிடும் சாலைகள் பல இருந்தன. ஆவாரம்பட்டையால் தோலைப் பதப்படுத்துதல் நம் நாட்டுப் பழைய முறை. அதற்கு வாரக்கணக்கில் நாள் செல்லும். குரோமிய உப்பினாற் பதப்படுத்தும் முறை, 1884-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் சூல்ட்சு என்பார் உரிமை பெற்றபின் உலகிற் பரவிற்று. அதனாற் பதமான தோல் விரைவில் ஆவது. நீரையும் வெப்பத்தையும் மிகுதியாகத் தாங்குவது. சென்னைக் கலைத்தொழிற் பள்ளியின் தலைவராயிருந்த ஆல்பிரெட் சாட்டர்டன் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்முறையை ஈண்டுப் புகுத்த முயன்றார். பின்னர்ச் சேம்பர்ஸ் என்பார் பல்லாவரத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே குரோம் லெதர் கம்பெனியை நிறுவினார். அக்கம்பெனியின் பெயராலேயே அவ்வூர் குரோம்பேட்டை ஆயிற்று.

ஊர்ப்பெயர்களை ஆராய்தல் தமிழாசிரியர்க்கு இயல்பு. குரோம் என்பது நிறம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. பேட்டை என்பதோ நம்மிடையே பெருவழக்கானது. தோல் பதனிடும் உப்பின் பெயர் ஓர் ஊருக்கே பெயராகி, ரயில் நிலையத்துப் பலகையில் எழுதப்பட்டு, நாள்தோறும் நம் நாவில் வழங்குகின்றது. குரோம்பேட்டையில் வீடு வாங்கினேன் என்று பெருமையோடு சொல்லும் நாமே, என் பூட்டன் தோல் தைத்தான் என்று சொல்லக் கூசுகின்றோம். இம்முரண்பாட்டை நும் உள்ளத்தில் இருத்துக.

மெத்தை என்பது உடலுக்கு இன்பம் தருவது மட்டும் அன்று. தர வேறுபாட்டைக் காட்டும் கருவியாகவும் அது நெடுங்காலம் நின்றது. 1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. அம்மீட்டர் பாதை வண்டி 2004 வரையில் நம் ஊர் மக்களைச் சுமந்தது. அக்காலத்து இருப்புப்பாதை முறையில் மேல்வகுப்பாருக்கு மெத்தை. மூன்றாம் வகுப்பாருக்குப் பலகை. பகலெல்லாம் பிறர் உட்கார மெத்தை தைத்தவர் மாலையில் மூன்றாம் வகுப்புப் பலகையில் அமர்ந்து வீடு திரும்பினார். மூன்றாம் வகுப்பு 1974-இல் நீக்கப்பட்டது. 1977-இல் இருப்புப்பாதை அமைச்சரான மது தண்டவதே அவர்கள், நெடுந்தொலைவு செல்லும் இரண்டாம் வகுப்பார் படுக்கும் பலகைக்கும் மெத்தை அமைத்தல் வேண்டும் என்று செய்வித்தார். இரண்டு அங்குலக் கனமுடைய மெத்தைதான். ஆயினும், ஏழையின் முதுகும் முதுகே என்று ஓர் அரசு ஒப்புக்கொண்ட செயல் அது.

தாம்பரத்திற்கு அப்பாலும் இத்தொழிலுக்கு இடம் உண்டாயிற்று. வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியார் கார் செய்தனர். 1961-இல் வெளிவந்த ஹெரால்டு என்னும் கார் அவருடையது. 1980-களின் இறுதியில் அத்தொழிற்சாலையின் உற்பத்தி நின்றது. அடையாற்றில் 1948-இல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. 1949-இல் குரோம்பேட்டையில் ராஜம் அவர்கள் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரி, மோட்டார்ப் பொறியியலைத் தன் முதற் பாடங்களுள் ஒன்றாகக் கொண்டது. நாளடைவில் தோலின் இடத்தில் ரெக்சினும், குதிரைமயிரின் இடத்தில் ரப்பர் கலந்த நாரும், பின்னர் ஃபோம் என்பதும் வந்தன. ரெக்சின் என்பது முதலில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஒரு தோற்போலித் துணியின் வணிகப் பெயர். நம்மவர் அவ்வகைத் துணி அனைத்தையும் அப்பெயராலேயே வழங்கலாயினர். பொருள் மாறியது, ஊசியும் கத்தியும் அளவுநூலும் மாறவில்லை. இன்றும் சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டிலும், நம் ஜி.எஸ்.டி. ரோட்டின் ஓரங்களிலும் இத்தொழிலாளரைக் காணலாம்.

அன்பர்களே! இவையெல்லாம் நூல்களாலும் கேள்வியாலும் அறியத்தக்கன. தனி ஒருவர் இன்ன தொழில் செய்தார் என்று அறிவது எங்ஙனம்? கம்பெனி வரலாறுகளில் முதலாளிகளின் பெயர் உண்டு. தைத்தவர் பெயர் இல்லை. மக்கட்கணக்கில் தொழில்வாரி எண்ணிக்கை உண்டு, ஆட்பெயர் இல்லை. எனக்கு உதவியவை மூன்று. அவற்றை நீவிரும் பயன்படுத்தலாம் என்பதற்காகவே விரித்துரைக்கின்றேன்.

ஒன்று, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு. ஆசிரியனாகிய எனக்கு நன்கு பழகிய ஏடு அது. மாணவன் பெயரை அடுத்துப் பெற்றோர் பெயரும், அவர்தம் தொழிலும் எழுதப்படும். என் பாட்டனார் படித்த பள்ளியின் பழைய ஏட்டைத் தலைமையாசிரியர் இசைவு பெற்றுப் பார்த்தேன். தந்தை தொழில் என்னும் இடத்திற் கூலி என்று இருந்தது. அப்பக்கத்திற் பாதிக்குமேற் கூலி என்றே இருந்தது. கூலி என்பது தொழிலுக்குப் பெறும் பொருள். அது தொழிலின் பெயர் அன்று. கொத்தனும், தச்சனும், மெத்தை தைப்பவனும், மூட்டை தூக்குபவனும் அவ்வொரு சொல்லுள் மறைந்துவிட்டனர். இன்றும் என் வகுப்பிற் சேரும் பிள்ளைகள், தந்தை தொழில் யாதென வினவினால், தலைகுனிந்து கூலி என்கின்றனர். யான் விடுவதில்லை, என்ன வேலைக்குக் கூலி என்று மீண்டும் கேட்டு, அதனையே எழுதுகின்றேன்.

இரண்டு, கிரயப் பத்திரம். பழைய பத்திரங்களில் எழுதிக்கொடுப்பவர், எழுதிவாங்குபவர் ஆகிய இருவர்க்கும் ஊர், தந்தை பெயர், சாதி, ஜீவனம் ஆகியவை எழுதப்பட்டிருக்கும். ஜீவனம் என்பது பிழைப்புக்குரிய தொழில். மின்சார ரயில் வருவதற்கு முன்னர் என் பூட்டனார் வீட்டுமனை வாங்கிய பத்திரத்தில், வண்டி மெத்தை தையல் ஜீவனம் என்று தெளிவாக எழுதியிருக்கக் கண்டேன். பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து அவரே எழுதிக்கொடுத்த மற்றொரு பத்திரத்தில், விவசாய ஜீவனம் என்று இருக்கின்றது. அவருக்கு ஒரு காணி நிலமும் இருந்ததில்லை. அவர் தொழிலும் மாறவில்லை. சொல் மட்டும் மாறியது. மகளுக்கு மணம் பேசிய காலம் அது என்று பின்னர் அறிந்தேன்.

மூன்று, முதியோர் நினைவு. பூட்டனாரின் கடைசி மகள், எனக்கு அத்தைப் பாட்டி முறையாவார், தொண்ணூறு வயதைக் கடந்து நல்ல நினைவோடு இருக்கின்றார். அவரைப் பலமுறை கண்டு கேட்டேன். பட்டறையிலிருந்து கொணர்ந்த நாரை வீட்டுப் பெண்டிர் கோலால் அடித்துப் பிரித்துக் கொடுத்தனர் என்பதும், பொத்தான்களுக்குத் தோல் போர்த்தும் வேலை பூட்டியாருடையது என்பதும், அதற்கெனத் தனிக் கூலி இல்லை என்பதும், பட்டறையிற் பல சாதியாரும் பல சமயத்தாரும் ஒரே பாயில் அமர்ந்து தைத்தனர் என்பதும் அவர் சொல்லக் கேட்டவை. எந்த ஏட்டிலும் இவை இல்லை. எல்லாம் சொல்லிவிட்டு, அவர் என் கையைப் பற்றிக்கொண்டு, “பேத்திக்கு மாப்பிள்ளை பாக்கறாங்கடா. அது முடியட்டும், அப்புறம் எழுது” என்றார்.

அவ்வச்சத்தை யான் குறை கூறேன். காரணமில்லாத அச்சம் அன்று அது. தோலைத் தொட்டவன் தாழ்ந்தவன் என்னும் எண்ணத்தை வளர்த்தவர் யார்? பெண் கொடுக்கவும் எடுக்கவும் வரும்போது, முன்னோர் என்ன செய்தனர் என்று துருவிக் கேட்பவர் யார்? வெளியார் அல்லர், இம்மன்றத்தில் அமர்ந்திருக்கும் நாமே. பூட்டனார் பத்திரத்திற் சொல்லை மாற்றியதும் நமக்கு அஞ்சி. அவர் மகள் ஒரு தலைமுறைக்குமேல் வாய்மூடி இருந்ததும் நமக்கு அஞ்சியே. அத்திருமணம் சென்ற தை மாதத்தில் இனிது முடிந்தது. அதன் பின்னரே இன்று பேசுகின்றேன்.

இவ்வெண்ணம் இன்று நேற்று முளைத்ததன்று. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைச் சாத்தந்தையார் பாடிய புறநானூற்றின் 82-ஆம் பாட்டை நினைவு கூர்க. ஊரிலே விழா, வீட்டிலே மனைவிக்கு மகப்பேற்று நோவு, வானிலே மழை, பொழுதோ சாய்கின்றது. அந்நிலையில் ஒருவன் கட்டிலைத் தோல்வாரினாற் பின்னுகின்றான். அவன் கையிலுள்ள ஊசி எத்துணை விரைவாக ஓடுமோ, அத்துணை விரைவாக முடிந்தது அரசன் செய்த மற்போர் என்கின்றார் புலவர். மன்னனுடைய வெற்றிக்கு உவமையாகத் தக்கது என அத்தொழிலாளியின் கையைத் தேர்ந்தார். அவன் வீட்டுத் துயரையும் அறிந்து பாடினார். ஆயினும் அவனைச் சுட்டும்போது இழிவு குறிக்கும் சொல்லையே ஆண்டார். கைத்திறனைப் போற்றிக் கைக்கு உரியவனைத் தாழ்த்தும் வழக்கம் அத்துணைப் பழமையானது. பழமையானது என்பதனால் அதனைப் போற்றுதல் வேண்டா.

சட்டம் இப்பொருளில் நம்மினும் முற்பட்டுச் சென்றது. 1908-ஆம் ஆண்டின் பத்திரப் பதிவுச் சட்டம், ஒருவரைக் குறிக்குங்கால் அவர் இருப்பிடம், தொழில், தந்தை பெயர் ஆகியவற்றோடு சாதியையும் சேர்த்துச் சொன்னது. 1956-இல் அச்சட்டத்தைத் திருத்தியபோது சாதி என்பதனை நீக்கினர். தொழில் என்பதனை நீக்கவில்லை. நாமோ அதற்கு மாறாகச் சாதியை வைத்துக்கொண்டு தொழிலை நீக்கிவிட்டோம். நம் பதிவேட்டின் மாதிரிப் படிவத்தைப் பாருங்கள். பெயர், ஊர், கோத்திரம், குலதெய்வம், மணவுறவு, பெற்ற பட்டம், செய்த திருப்பணி ஆகிய அனைத்திற்கும் இடம் உண்டு. என்ன வேலை செய்து உண்டார் என்பதற்கு இடம் இல்லை. திருமண அழைப்பிதழ்களில் மிராசுதார் என்றும் நிலக்கிழார் என்றும் அச்சிட்டவற்றையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டால், செங்கற்பட்டு ஜில்லா முழுதும் நமக்கே போதாது.

ஆதலின் இச்சங்கத்தார்க்கு நான்கு வேண்டுகோள் விடுக்கின்றேன். வம்சாவளிப் பதிவேட்டிலே தொழில் என்னும் ஓர் இடத்தைச் சேர்த்தல் வேண்டும். அவ்விடத்தில் கூலி என்றோ, வியாபாரம் என்றோ பொதுச்சொல் எழுதாது, கையாற் செய்த வேலையின் பெயரையே எழுதுதல் வேண்டும். தெரியாதாயின் வெற்றிடமாக விடுதல் வேண்டுமேயன்றிப் புனைந்து நிரப்பலாகாது. ஆடவர் தொழிலை எழுதுவதோடு, நார் பிரித்தும் பொத்தான் போர்த்தும் உழைத்த பெண்டிரின் பெயரையும் வேலையையும் எழுதுதல் வேண்டும். இளைஞர் இருவர் மூவர் குழுவாகச் சேர்ந்து, எண்பது வயதைக் கடந்த முதியோரை இவ்வாண்டிற்குள்ளேயே கண்டு, அவர் சொல்வதைச் சொல்லியவாறே எழுதி வைத்தல் வேண்டும். ஏடுகள் காத்திருக்கும், முதியோர் காத்திரார்.

இஃதன்றி மற்றொன்றும் கூறவேண்டும். இத்தொழில் நம் குலத்திற்கே உரியது, நாமே இதிற் சிறந்தோம் என்று புதிய பெருமை பேசப் புகுதலும் வேண்டா. ஒரே பாயில் பலரும் அமர்ந்து தைத்த தொழில் அது. நம் பூட்டனாரின் பெயரை ஏட்டில் எழுதிவிட்டு, அதே வேலையை இன்று சாலையோரத்திற் செய்பவரை நீ, வா, போ என்று அழைப்போமாயின், எழுதியதனாற் பயன் இல்லை. நும் வண்டியின் இருக்கையைத் தைக்கக் கொடுக்கும்போது, அவர் பெயரைக் கேளுங்கள். யாரிடம் கற்றார் என்று கேளுங்கள். ஒருவேளை அவர் சொல்லும் ஆசிரியர் பெயரில் நும் வீட்டுப் பெயர் ஒன்று இருத்தலும் கூடும்.

என் குடும்பத்துக்குரிய படிவத்தைத் தலைவர் அவர்களிடம் இப்பொழுதே தருகின்றேன். அதிலே பூட்டனார் பெயருக்கு எதிரே வண்டி மெத்தை தையல் என்றும், பூட்டியார் பெயருக்கு எதிரே நார் பிரித்தல், பொத்தான் போர்த்தல் என்றும் எழுதியுள்ளேன். அத்தைப் பாட்டியார் கேட்டு இசைந்த பின்னரே எழுதினேன்.